நாமகரணமும் நம் முன்னோர் பெயர்களும்

பெயரையும் உருவத்தையும் கடந்து நிற்பவன் இறைவன். எனினும் அடியார்கள் அழைத்து உருகவேண்டும் என்னும் கருணையினாலே பல்லாயிரம் பெயர்களை ஏற்றுக்கொள்கின்றான். ஆலயத்திலே அர்ச்சனைத் தட்டுடன் நிற்கும் அடியவரிடம் குருக்கள் முதலிற் கேட்பது அவருடைய பெயரையும் நட்சத்திரத்தையுந்தான். சங்கற்பத்தின்போது இறைவனுடைய திருநாமத்தோடு சேர்ந்து அடியவருடைய பெயரும் மூலமூர்த்தியின் முன்னிலையிலே ஒலிக்கின்றது. ஆகவே ஒரு பிள்ளைக்கு நாம் சூட்டும் பெயர் ஊரவர் கூப்பிடுவதற்கு மாத்திரம் உரியதன்று. ஓர் உயிரை இறைவனிடத்திலே இன்னாரென்று சொல்லி ஒப்படைக்கும் சொல்லும் அதுவேயாகும். அத்தகைய சொல்லை எவ்வாறு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதைச் சைவப் பெற்றோர் ஒவ்வொருவரும் சிந்திப்பது அவசியமாகும்.

நாமகரணம்

சைவ மக்களின் வாழ்விலே பிறப்புக்கு முன் தொடங்கி இறப்பு வரை செய்யப்படும் சம்ஸ்காரங்கள் 16 என்பர். அவற்றுள் பிள்ளை பிறந்ததும் செய்யப்படும் ஜாதகர்மத்தை அடுத்து வருவது நாமகரணம். பிறந்த 10ஆம் நாளிலோ 12ஆம் நாளிலோ பெயரிடலாம் எனத் தரும நூல்கள் கூறுகின்றன. நம்மிடையே துடக்குக் கழியும் 31ஆம் நாளிலே இது நடைபெறுவது வழக்கம். வீடு கழுவி, தாயும் சேயும் முழுகி, புண்ணியாகவாசனம் செய்து, நிறைகுடமும் விளக்கும் வைத்து, விநாயகரை வணங்கியபின் பிள்ளையின் வலக்காதிலே பெயர் மூன்று முறை சொல்லப்படுகின்றது. பின்னர் பிள்ளையைத் தொட்டிலிலே வளர்த்தி உற்றாரும் அப்பெயர் சொல்லி அழைக்கின்றனர். பொருள் விளங்கும் முன்னமே அந்தச் செவியினுள்ளே புகுந்து, வாழ்நாள் முழுவதும் கூட வரும் சொல் அது.

அந்தப் பெயர் சொல்வதற்கு இலகுவாகவும், கடுமையில்லாததாகவும், பொருள் தெளிவுள்ளதாகவும், கேட்பதற்கு இனியதாகவும், மங்கலமானதாகவும் இருத்தல் வேண்டும் என்று பெண்குழந்தைகளின் பெயரைப் பற்றிப் பேசுமிடத்திலே தரும நூல் விதிக்கின்றது. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுவாகக் கொள்ளத்தக்க விதி இது. பொருள் தெளிவும் மங்கலமும் என்ற இரண்டும் மனத்திலே கொள்ளத்தக்கன. புதுமை என்ற ஒன்று அந்த விதியிலே இல்லை.

அடியார் காட்டிய வழி

ஒரு பெயரினாலே என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்குப் பெரியபுராணம் விடை சொல்கின்றது. திங்களூரிலே வாழ்ந்த அந்தணர் அப்பூதியடிகள். அவர் திருநாவுக்கரசு நாயனாரை ஒருமுறையேனும் கண்டவரல்லர். சமணத்திலிருந்து மீண்டு, துன்பங்கள் யாவற்றையும் இறைவன் திருவருளாலே வென்ற அவருடைய பெருமையைக் கேள்வியுற்றவர் மாத்திரமே. அவ்வளவிலே தம் பிள்ளைகளுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயரிட்டார். வீட்டிலுள்ள அளவைகளுக்கும் பசுக்களுக்கும் அதே பெயர். வழிப்போக்கரின் தாகந் தீர்க்க வைத்த தண்ணீர்ப் பந்தருக்கும் அதே பெயர்.

அந்தத் தண்ணீர்ப் பந்தரின் பெயரைப் பார்த்துத்தான் நாவுக்கரசர் வியந்து, அவருடைய இல்லத்துக்கு எழுந்தருளினார். அமுது செய்விக்க வாழையிலை அரியப்போன மூத்த மகனைப் பாம்பு தீண்டியது. அடியார் அமுது செய்வதற்கு இடையூறு நேர்ந்துவிடுமே என்று அஞ்சிய பெற்றோர் மகனுடைய உடலை மறைத்துவைத்து உபசரித்தனர். திருநீறு இடுவதற்காக நாயனார் மூத்த மகனை அழைத்தபோது உண்மை வெளிப்பட்டது. நாயனார் அப்பிள்ளையை ஆலயத்தின் முன் கொண்டுவரச் செய்து பதிகம் பாடியருள, அவன் உறங்கி எழுந்தவன் போல எழுந்தான். பெயரைத் தாங்கிய பிள்ளை அந்தப் பெயருக்குரியவராலேயே உயிர் பெற்றான். அந்தணர் குலத்துப் பிள்ளை வேளாளர் குலத்து அடியாரின் பெயரைத் தாங்கியதும் இங்கே நினைக்கத்தக்கது. அடியார் பெயரை ஏற்கும்போது அப்பூதியடிகள் குலம் பார்க்கவில்லை.

காரைக்காலம்மையாரின் வரலாற்றிலும் ஒரு பெயரிடுதல் உண்டு. அம்மையாரின் பிள்ளைப் பெயர் புனிதவதி. அவருடைய தெய்வத்தன்மையைக் கண்டு அஞ்சிய கணவன் பரமதத்தன் பாண்டி நாட்டுக்குச் சென்று வேறொரு பெண்ணை மணந்தான். அங்கே பிறந்த மகளுக்கு அவன் சூட்டிய பெயர் புனிதவதி. பின்னர் அம்மையார் அவ்வூருக்கு வந்தபோது, மனைவியோடும் அந்தக் குழந்தையோடும் அவர் திருவடியிலே வீழ்ந்து வணங்கினான். பிரிந்து சென்றவன் தன் பக்தியைத் தன் பிள்ளையின் பெயரிலே வைத்து நாள்தோறும் சொல்லிவந்தான் என்பது இதன் உட்பொருள்.

பாகவதத்திலே வரும் அசாமிளன் வரலாறும் பலர் அறிந்ததே. நெறி தவறி வாழ்ந்த அவன் தன் கடைசிப் பிள்ளைக்கு நாராயணன் என்று பெயர் வைத்திருந்தான். மரணப்படுக்கையிலே பிள்ளைமேல் வைத்த பாசத்தினாலே “நாராயணா” என்று கூப்பிட்டான். மகனைத்தான் கூப்பிட்டான், எனினும் அந்தத் திருநாமம் அவனைக் காத்தது. வீட்டிலே ஒரு பிள்ளைக்குத் தெய்வத்தின் பெயர் இருந்தால், இறைவனை நினையாதவருடைய நாவும் அவனுடைய பெயரைச் சொல்லும் பேறு பெறுகின்றது.

ஈழத்துப் பழம்பெயர்கள்

நம் முன்னோர் இந்த உண்மையை உணர்ந்திருந்தனர். அவர்கள் வைத்த பெயர்கள் பெரும்பாலும் மூன்று வகையின. தெய்வத்தின் பெயரை அப்படியே வைத்தது ஒரு வகை. ஆறுமுகம், வேலாயுதம், விசாலாட்சி, வள்ளியம்மை என்பன போல்வன அவை. 1822ஆம் ஆண்டு நல்லூரிலே தோன்றிச் சைவத்தையும் தமிழையும் காத்த நாவலர் பெருமானுக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஆறுமுகம். ‘நாவலர்’ என்பது 1849ஆம் ஆண்டு திருவாவடுதுறை ஆதீனம் வழங்கிய பட்டம். 1892ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்த சுவாமி விபுலாநந்தரின் பிள்ளைப் பெயர் மயில்வாகனம். முருகன் ஏறிவரும் ஊர்தியையே சொல்லும் பெயர் அது.

திருத்தலங்களின் பெயரை வைத்தது மற்றொரு வகை. பொன்னம்பலம், தில்லையம்பலம், திருச்சிற்றம்பலம் என்பன சிதம்பரத்தைக் குறிப்பன. அருணாசலம் என்பது திருவண்ணாமலை. கதிர்காமர், வல்லிபுரம் என்பன நம் நாட்டுத் தலங்களின் பெயர்கள். தையல்நாயகி என்பது வைத்தீசுவரன் கோயிலிலே எழுந்தருளிய அம்பிகையின் திருநாமம். கடல் கடந்து தில்லைக்குப் போக வசதியற்ற ஏழையின் வீட்டிலும் “பொன்னம்பலம், இங்கே வா” என்று நாளுக்குப் பத்து முறை அழைக்கும்போது அந்தப் பொன்னம்பலம் நினைவிலே வந்து நின்றது. பொன்னம்பல முதலியார் என்னும் பெரியார் கொழும்பு கொச்சிக்கடையிலே நிறுவிய ஆலயம் பொன்னம்பலவாணேசர் கோயில். அவருடைய மைந்தர்கள் குமாரசுவாமி, இராமநாதன், அருணாசலம் ஆகியோர். அந்தக் கோயிலைக் கருங்கல் திருப்பணியாக எடுப்பித்தவர் சேர். பொன். இராமநாதன். தந்தையின் பெயரிலே தில்லை. மைந்தரின் பெயர்களிலே முருகனும் இராமேசுவரமும் திருவண்ணாமலையும். ஒரு குடும்பத்தின் பெயர்களைச் சொன்னாலே தலயாத்திரை செய்ததாகிவிடும்.

மூன்றாவது வகை மிகவும் எளியது. நல்ல பொருளுள்ள ஒரு சொல்லையே எடுத்துப் பெயராக வைப்பது. பாக்கியம், பூரணம், நேசம், தவம், யோகம், ஞானம், மங்களம், கனகம், மரகதம் என்பன அவ்வகையின. இப்பெயர்களிலே தெய்வத்தின் பெயர் வெளிப்படையாக இல்லை. ஆனால் “பாக்கியம்” என்று ஒருவர் வாசலிலே நின்று கூப்பிடும்போதெல்லாம் தம்மையறியாமலே அந்த வீட்டுக்கு நல்வாக்குச் சொன்னார். “மங்களம்” என்று அழைத்தவர் மங்கலமே உரைத்தார். நல்ல சொல்லைக் காலையும் மாலையும் வாயிலே வரச்செய்வதற்கு இதைவிடச் சுலபமான வழி வேறில்லை.

மறைந்து போகும் பெயர்கள்

இன்று இந்தப் பெயர்கள் அருகி வருகின்றன. பேரன் என்ற சொல்லே பெயரன், அதாவது பாட்டனாரின் பெயரைத் தாங்குபவன் என்பதன் திரிபு. பேர்த்தி என்பதும் அவ்வாறே. பாட்டனாரின் பெயர் பேரனிடத்திலும் பாட்டியின் பெயர் பேர்த்தியிடத்திலும் மீண்டும் தளிர்த்த வழக்கத்தை அச்சொற்கள் காட்டுகின்றன. சொல் இருக்கின்றது; வழக்கம் தேய்ந்துவிட்டது.

இதிலே ஒரு நுட்பமும் உண்டு. நம்மவர் தந்தையின் பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னுமாக எழுதுவர். கனடாவிலும் இலண்டனிலும் ஐரோப்பிய நாடுகளிலும் குடியேறியவர்களிடையே தந்தையின் பெயர் குடும்பப் பெயராகப் பதியப்பட்டு, பிள்ளைக்கும் பிள்ளையின் பிள்ளைக்கும் தொடர்வதுண்டு. அதனாலே வைத்திலிங்கம் என்றும் சண்முகம் என்றும் பாட்டனாரின் பெயர்கள், யாரும் முயலாமலே, அந்நாட்டுக் கடிதங்களிலும் கதவுகளிலும் வாழ்கின்றன. ஆனால் பாட்டியின் பெயருக்கு அந்த வழியும் இல்லை. பாக்கியமும் பூரணமும் நேசமும் யாரேனும் விரும்பி எடுத்து ஒரு பெண்குழந்தைக்குச் சூட்டினாலன்றி, அவர்களோடே முடிந்துவிடும்.

ஒரு வீட்டை எண்ணிப் பார்ப்போம். பெண்குழந்தை பிறந்து மூன்று கிழமையாகின்றது. 31ஆம் நாளுக்கு ஆயத்தங்கள் நடக்கின்றன. குழந்தையின் அப்பாச்சியின் பெயர் பூரணம். இளந்தம்பதியர் அந்தப் பெயரையே பிள்ளைக்கு வைக்க விரும்புகின்றனர். அதை மறுப்பவர் வேறு யாருமல்லர், அப்பாச்சியேதான்.

“என்ர பேரை ஏன் மோனை பிள்ளைக்கு வைக்கிறியள்? அது அந்தக் காலத்துப் பேர். பள்ளிக்கூடத்தில பகிடி பண்ணுவினம். பிறகு அவள் என்னைத்தான் பேசுவாள். வடிவான புதுப் பேர் ஒண்டு வையுங்கோ.”

இப்படிச் சொல்லும் தாய் தன் பெயரை மாத்திரம் சிறிதென்று எண்ணவில்லை. தன் வாழ்வையே சிறிதென்று எண்ணுகின்றார். குண்டுச் சத்தத்தினிடையே பிள்ளைகளை வளர்த்தவர். கையிலே கிடைத்ததை எடுத்துக்கொண்டு இடம்பெயர்ந்தவர். திரும்பி வந்து கூரையில்லாத வீட்டின் முற்றத்தைக் கூட்டி விளக்கு வைத்தவர். அவருடைய பெயர் எந்த மேடையிலும் சொல்லப்பட்டதில்லை. அது அச்சிலே வரப்போவது ஒருநாள் மரண அறிவித்தலிலே மாத்திரந்தான் என்பது அவருடைய எண்ணம்.

மருமகள் சொல்கின்றாள்: “மாமி, வாசலில நிறைகுடம் வைக்கிறம். அதைப் பழசு எண்டு ஆராவது சொல்லுகினமே? பூரண கும்பம் எண்டால் அதுதானே. உங்கட பேரும் அதுதான்.”

சற்று நேரம் பேசாதிருந்த அப்பாச்சி கடைசியிலே ஒரு நிபந்தனை மாத்திரம் விதிக்கின்றார். “வைக்கிறதெண்டால் முழுப் பேரையும் கூப்பிட வேணும். பூ, பூ எண்டு குறுக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்.”

இந்த மருமகள் சொன்னது சைவத்தின் உட்பொருளேயாகும். இறைவன் குறைவிலா நிறைவானவன், பரிபூரணன். ஆலய வாசலிலே பெரியோரை வரவேற்பது பூரண கும்பம். ஐயனாரின் இரு பக்கமும் வீற்றிருக்கும் தேவியருள் ஒருவர் பூரணை. இத்தனையும் ஒரு பெயருக்குள்ளே அடங்கியிருக்க, அதைப் பழையதென்று தள்ளுவது அறியாமையினாலன்றி வேறெதனாலும் அன்று.

சில ஐயங்கள்

பிள்ளையைப் பிறர் பகிடி பண்ணுவார்களே என்ற அச்சம் நியாயமானது. அதற்கு மருந்து பெயரின் பொருளைப் பிள்ளைக்குச் சிறுவயதிலேயே கதையாகச் சொல்லிக் கொடுப்பதுதான். “இது என்ன பெயர்?” என்று கேட்கும் தோழிக்கு, “இது என்ர அப்பாச்சியின்ர பேர், நிறைகுடம் எண்டு கருத்து” என்று விடை சொல்லத் தெரிந்த பிள்ளை தலைகுனியமாட்டாள். ஓசைக்காக மாத்திரம் எழுத்துக்களைக் கோத்த பெயரைத் தாங்கிய பிள்ளை, கருத்து என்னவென்று கேட்டால் என்ன சொல்லும்? பகிடி எல்லாப் பெயருக்கும் வரும். பொருளுள்ள பெயருக்கு விடையும் உண்டு.

நட்சத்திரத்துக்குரிய எழுத்திலேயே பெயர் தொடங்க வேண்டுமே என்பது இன்னுமோர் ஐயம். கார்த்திகைக்கு அ, இ, உ, எ என்றும் உரோகிணிக்கு ஒ, வ, வி, வு என்றும் ஒவ்வொரு பாதத்துக்கும் எழுத்துச் சொல்லப்பட்டிருப்பது உண்மையே. ஆனால் திருவாதிரையின் மூன்றாம் பாதத்துக்குச் சொல்லப்பட்ட எழுத்து ங. அந்த எழுத்திலே தொடங்கும் பெயரைத் தமிழிலே எங்கே தேடுவது? கிரியைக்குரிய நட்சத்திரப் பெயர் வேறு, ஊரிலே வழங்கும் பெயர் வேறு என்று முன்னோர் பிரித்து வைத்தமை இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்கும். எழுத்துக்காக ஒரு பொருளற்ற ஒலியைப் படைப்பதிலும், குருக்களிடம் இதனைக் கேட்டுத் தெளிந்து செய்வதே முறையாகும். ஆங்கில எழுத்துக்களுக்கு எண் போட்டுக் கூட்டி, அதற்காகத் தமிழ்ப் பெயரை நீட்டியும் குறுக்கியும் எழுதும் எண்சாத்திர வழக்கத்துக்கும் நாமகரண விதிக்கும் தொடர்பில்லை.

பழையன யாவும் நல்லன என்பதும் சரியன்று. முன்னொரு காலத்திலே நம் கிராமங்களில் ஒரே முருகனின் பெயரை ஒருவருக்குக் கந்தப்பிள்ளை என்றும் கந்தையா என்றும், இன்னொருவருக்கு வெறுமனே கந்தன் என்றும் வழங்கி, பெயரைக் கொண்டே மனிதரைத் தாழ்த்திய கொடுமையும் இருந்தது. அது முன்னோர் தந்த செல்வமன்று. அவர்கள் விட்டுச்சென்ற கறை. அந்தக் கறையை நீக்கிவிட்டுப் பெயரை மாத்திரம் எடுத்துக்கொள்ள வேண்டும். திருநாவுக்கரசு என்ற பெயரும் மங்கையர்க்கரசி என்ற பெயரும் ஆலய வாசலைப் போல எல்லோருக்கும் பொதுவானவை.

புதிய பெயர் வைப்பது குற்றமும் அன்று. பொருளும் மங்கலமும் இருந்தால் புதுப்பெயரும் திருப்பெயரே. பெற்றோரின் விருப்பத்தை மீறிப் பெரியவர்கள் தம் பெயரைத் திணிப்பதும் தகாது. மேலே சொன்ன அப்பாச்சியைப் போல ஒதுங்கி நிற்பது பெரியவர்களின் பெருமை. விரும்பிக் கேட்டு வாங்குவது பிள்ளைகளின் பெருமை.

செய்யத்தக்கவை

பிறப்பை 42 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது நம் நாட்டு விதி. பதிவுக்கான அலுவல்கள் வைத்தியசாலையிலேயே தொடங்கிவிடும்போது பெயரை அவசரத்திலே எழுதிக் கொடுத்துவிடுகின்றோம். 31ஆம் நாளிலே காதில் ஓதும் பெயர் ஒன்றாகவும் பத்திரத்திலுள்ள பெயர் வேறொன்றாகவும் ஆகிவிடுகின்றது. ஆகவே தாய் கருவுற்றிருக்கும் காலத்திலேயே வீட்டுப் பெரியவர்களோடு இருந்து பேசி, ஆண் பெயரொன்றும் பெண் பெயரொன்றும் தெரிந்து வைப்பது நன்று. அப்போதே இரண்டு தலைமுறை, மூன்று தலைமுறைப் பெயர்களை ஒரு கொப்பியிலே எழுதி வைக்கலாம். பாட்டியின் தாயாருக்கு என்ன பெயர் என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. கேட்டுச் சொல்லக்கூடியவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

1995ஆம் ஆண்டு இடப்பெயர்விலும் 2009ஆம் ஆண்டு வரை நீடித்த போரிலும் நம்மவர் இழந்தவை எண்ணிலடங்கா. சாதக ஓலைகள், காணி உறுதிகள், கல்யாணப் படங்கள் என்று எத்தனையோ பெட்டிகள் திரும்பி வரவில்லை. தலைமுறைகள் கைமாற்றிய பொருள்களுள் தூக்கிச் செல்லப் பாரமில்லாததும், எரியாததும், களவு போகாததும் பெயர் ஒன்றுதான். அதையும் நாமாகவே கைவிடலாகாது.

பெயரை வைத்தாற் போதாது, அழைக்கவும் வேண்டும். நல்ல பெயரைப் பத்திரத்திலே பூட்டி வைத்துவிட்டு, பிள்ளையைக் குஞ்சு என்றும் பபா என்றும் மாத்திரமே கூப்பிட்டு வளர்த்தால், காதிலே ஓதிய பெயர் பிள்ளைக்கே அந்நியமாகிவிடும். செல்லப்பெயர் இருக்கட்டும். மாலையிலே விளக்கேற்றித் திருநீறு பூசும்போதாவது முழுப் பெயரையும் சொல்லி அழைத்துப் பூசிவிடுவது நல்ல பழக்கம். பிறந்த நட்சத்திரத்திலே ஆலயத்துக்கு அழைத்துச் சென்று, பிள்ளையையே தன் பெயரைக் குருக்களிடம் சொல்லச் செய்ய வேண்டும்.

ஆடி அமாவாசையிலே தந்தையரையும் சித்திரா பௌர்ணமியிலே தாயரையும் நினைந்து விரதமிருக்கின்றோம். கீரிமலைக் கடற்கரையிலே எள்ளும் நீரும் இறைக்கும்போது அவர்களுடைய பெயர்கள் ஒருமுறை சொல்லப்படுகின்றன. பின்பு அடுத்த ஆண்டு வரை அந்தப் பெயர்களைச் சொல்வாரில்லை. ஆண்டுக்கொரு முறை தர்ப்பணத்திலே மாத்திரம் கேட்கும் அந்தப் பெயர்கள் நம் வீட்டுத் தொட்டில்களிலும் கேட்கட்டும். அவற்றைத் தாங்கும் பிள்ளைகள் பெயருக்கேற்ற பாக்கியமும் ஞானமும் நிறைவும் பெற்று நீடூழி வாழ, எல்லாம் வல்ல எம்பெருமானின் திருவருளை வேண்டி நிற்போமாக.

திருச்சிற்றம்பலம்.